ஒன்றும் ஆகாது!

"ஒன்றும் ஆகாது" என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பெரியவர்கள் அதைத் தைரியம் என்கிறார்கள். தொழிலாளிகள் அனுபவம் என்கிறார்கள். காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள் சிக்கனம் என்கிறார்கள். நான் அதைப் பொய் என்கிறேன். அதிலும், அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்துச் சொல்கிற பொய்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

நான் குடியிருப்பது அரியலூரில். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த ஊர். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவு பகலாக ஓடி ஓடி, கொல்லை முருங்கை இலை முதல் என் எழுத்து மேஜை வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு தூசியைப் பூசி வைத்திருக்கின்றன. இந்தத் தூசியைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கும். மறந்துவிடாதீர்கள்.

என்னிடம் ஒரு சிறிய கார் உண்டு. 18 வயதுக் கிழம். இன்னொருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்ததை நான் வாங்கினேன். சென்ற தை மாதம் பெரம்பலூரில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்புக்கு நானும் மனைவியும், அவளுடைய சித்தப்பாவும், என் தங்கையின் பத்து வயதுப் பெண்ணுமாகக் கிளம்பினோம். முப்பது கிலோமீட்டர் தூரம். இருபுறமும் கரிசல் காடு. பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று நின்றது. மனசுக்கு ரம்மியமாக இருந்தது. பின் ஸீட்டிலிருந்து குழந்தைதான் முதலில் சொன்னாள்:

"மாமா, பெட்ரோல் வாசனை வருது."

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. காரணம், அது ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தது! மனித மூக்கு ஒரு விசித்திரமான சாதனம். ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சிறிது நேரத்தில் அதைச் சட்டை செய்வதை விட்டுவிடும். முதல் இரண்டு நாள் நானும் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் 'பழைய வண்டிதானே' என்று சமாதானம் செய்துகொண்டேன். நான்காம் நாள் மூக்கும் என் கட்சியில் சேர்ந்துவிட்டது.

"ஒண்ணும் ஆவாது மாப்பிள்ளை. பழைய வண்டின்னா அப்படித்தான் அடிக்கும். விடுங்க" என்றார் சித்தப்பா. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். எந்த மனுவையும் பரிசீலிக்காமலேயே தீர்ப்புச் சொல்லும் வல்லமை அவருக்கு உண்டு.

குழந்தை விடவில்லை. "தலை வலிக்குது மாமா" என்றாள். பெரம்பலூர் எல்லைக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் ஒரு பட்டறை கண்ணில் பட்டது. நிறுத்தினேன்.

மேஸ்திரி உற்சாகமான மனிதர். பானெட்டைத் திறந்தார். எஞ்சினை ஓட விட்டபடியே குனிந்து பார்த்தார். இருட்ட ஆரம்பித்திருந்தது. "டேய், லைட்டக் கொண்டாடா!" என்று குரல் கொடுத்தார். நீண்ட ஒயரில் பழைய குண்டு பல்பு மாட்டிய கைவிளக்கோடு ஒரு பையன் ஓடி வந்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. விளக்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தபடி அவனும் குனிந்தான்.

கீழே ஒரு ரப்பர் குழாயின் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. "இதான் ஸார்" என்றார் மேஸ்திரி. எஞ்சினை நிறுத்தினார். கிளிப்பைத் தளர்த்திக் குழாயை வெடுக்கென்று இழுத்தார்.

பெட்ரோல் சொட்டவில்லை, பீச்சி அடித்தது. பையனின் முகம், கண், சட்டை எல்லாம் நனைந்துவிட்டன. அவன் கையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நேயர்களே, அந்தப் பத்து விநாடிகளை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை, எழுதவும் முடியாது. சுடுகிற பல்பின் மேல் நாலு துளி குளிர்ந்த பெட்ரோல் பட்டிருந்தால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். உள்ளே இருக்கிற தீக்கம்பி வெளியே வந்திருக்கும். அதற்கப்புறம் நடப்பதற்கு மேஸ்திரியின் அனுபவமும் என் வருத்தமும் எந்தப் பிரயோஜனமும் பட்டிரா.

ஆனால், ஒன்றும் ஆகவில்லை. நான் பையனின் தோளைப் பற்றி வெளியே இழுத்தேன். என் மனைவி அவன் சட்டையைக் கழற்றச் செய்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் அவன் கண்ணிலும் முகத்திலும் விட்டுக் கழுவினாள். மேஸ்திரி சிரித்தார். "பாத்தீங்களா ஸார், ஒண்ணும் ஆவலை!" என்றார்.

இந்தச் சொல்லின் சூழ்ச்சியே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை பிழைத்துக்கொள்ளும்போதும் அதற்கு ஒரு சாட்சி கூடுகிறது. நூறு தடவை பிழைத்தவன் நூறு சாட்சி வைத்திருக்கிறான். நூற்றொன்றாம் தடவை சாட்சி சொல்ல ஆள் இருப்பதில்லை.

மேஸ்திரி தண்ணீர் போகிற சாதாரண பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினார், கட்டுக்கம்பியால் முறுக்கினார். "நூறு ரூபா குடுங்க ஸார். மெட்ராஸ் வரைக்கும் கவலையில்லாமப் போலாம்" என்றார். எஞ்சினை ஓட விட்டதும் அதே இடத்தில் மறுபடியும் ஒரு சொட்டு விழுந்தது. "அது பழைய ஈரம். காஞ்சுடும்" என்றார்.

"இன்னும் வருது மாமா" என்றாள் குழந்தை.

நான் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். காரை எல்லோருமாகத் தள்ளிப் பட்டறைக்குப் பக்கத்துத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, ஆட்டோவில் வரவேற்புக்குப் போனோம். சித்தப்பா இரவு முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் அரியலூரிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்ததும் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு டாக்டரைப்போல் கேள்வி கேட்கத் தொடங்கினார். வாசனை எப்போது வருகிறது? டாங்க்கை நிரப்பிய அன்று மட்டுமா? அப்படியானால் டாங்க்கின் கழுத்துக் குழாயையும் ஆவி போகிற குழாயையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதிகமாகிறதா? அப்படியானால் பெட்ரோல் அழுத்தத்தோடு ஓடுகிற பாதையில் கோளாறு. தரையில் கறை உண்டா? எஞ்சின் ஆயில் பார்க்கும் குச்சியில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அடித்தால் கசிவு வெளியே இல்லை, உள்ளே.

"தரையில் ஒன்றும் தேங்கவில்லையே" என்றேன்.

"தேங்காது ஸார். சூட்டுல ஆவியாப் போயிடும். தேங்கினா நல்லதுன்னு வச்சுக்குங்க, கண்ணுக்காவது தெரியும்" என்றார்.

பட்டம் வாங்காமல் கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் புத்தகங்களில் தேடிப் படித்தேன். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே அது தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்றால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கேட்பானேன்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது; தரையோடு தவழ்ந்து, பத்தடி தள்ளிப் பீடி பற்றவைக்கிறவனைத் தேடிப் போகும்.

பிறகுதான் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தது. விளக்கு கொண்டுவரச் சொல்லவில்லை. பகல் வெளிச்சம் போதாத மூலைக்கு ஒரு சிறு எல்.இ.டி. டார்ச், அதையும் வண்டிக்கு வெகு தூரத்திலேயே எரியவிட்டுக்கொண்டு வந்தார். "இங்க பாருங்க ஸார்" என்று காட்டினார்.

எஞ்சின் முழுவதும் எங்கள் ஊர்த் தூசி. அந்தச் சாம்பல் போர்வையின் நடுவே, நெற்றியில் வியர்வை வழிந்த தடம்போல் மெல்லிய கோடு ஒன்று சுத்தமாகக் கழுவப்பட்டு ஓடியது. பெட்ரோல் போட்ட கோடு! கீழே சொட்டுகிற இடத்திலிருந்து அவர் அந்தக் கோட்டின் வழியே மேலே மேலே போனார். கடைசியில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பங்கிடுகிற இரும்புக் குழலில் வந்து சேரும் வேறொரு ரப்பர் குழாயில் கோடு நின்றது. அதன் கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது. அங்கே கசிந்தது, குழாயின் அடிவயிற்றோடு வழிந்து, கீழே இருந்த குற்றமற்ற குழாயின் நுனியில் சொட்டாக விழுந்திருக்கிறது. மேஸ்திரி நேற்று மாற்றியது அந்த நிரபராதியை!

"எங்க சொட்டுதுன்னு பாக்கக் கூடாது ஸார். எங்க நனைய ஆரம்பிச்சுதுன்னு பாக்கணும்" என்றார் பெரியவர்.

வெடித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே புகை வெளியேறும் இரும்புக் குழாய். ஓடுகிற எஞ்சினில் அது பல நூறு டிகிரி சூடேறும். பெட்ரோல் ஆவி தீக்குச்சியில்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்வதற்கு 250, 280 டிகிரி போதும். ஒரு வாரம் ஒரு சாண் இடைவெளியில் என் குடும்பம் பிரயாணம் செய்திருக்கிறது.

அதற்கப்புறம் அவர் வேலை செய்த ஒழுங்கை நான் வரிசையாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்களே ஸ்பானர் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காக அல்ல. உங்கள் வண்டியைத் தொடுகிறவர் இப்படிச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்காக.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 3 கிலோ அழுத்தம் இருக்கும். கார் டயருக்குள் இருப்பதைவிட அதிகம். எஞ்சினை நிறுத்தினாலும் அது உடனே இறங்கிவிடாது. நேற்றுப் பையன் முகத்தில் பீச்சி அடித்தது அந்த அழுத்தம்தான். பெரியவர் மேஸ்திரி முறுக்கிய துண்டிலிருந்து ஈரத்தைத் துடைத்துக் காய விட்டார். பானெட்டை நெடுநேரம் திறந்தே வைத்திருந்து காற்றாட விட்டார். தீயணைக்கும் தூள் சிலிண்டரைக் கை எட்டும் தூரத்தில் வைத்தார். தண்ணீர் வாளி உதவாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயை நாலு பக்கமும் கொண்டுபோகும்.

வழக்கமாக அழுத்தத்தை இறக்க, பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் பியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட விடுவார்களாம். குழாயில் மிஞ்சியிருப்பதைக் குடித்துவிட்டு அது தானாக நின்றுவிடும். "ஆனா இது அடுப்புக்கு மேலேயே ஒழுகுது. இதை ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றார். இரவெல்லாம் நின்றதில் அழுத்தம் கசிந்தே இறங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். இணைப்பின் மேல் கனத்த துணியைச் சுற்றி, அந்தத் துணிக்குள்ளேயே கிளிப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். மிச்சம் இருந்ததெல்லாம் துணியில் இறங்கியது. நனைந்த துணி மூடியுள்ள தகர டப்பாவுக்குப் போயிற்று.

இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்த குழாயை வாங்கிவரச் செய்திருந்தார். தண்ணீர்க் குழாய் அல்ல, பசை அல்ல, டேப் அல்ல. ரப்பரை அறுக்காத, ஓரம் மழுங்கிய கிளிப்புகள். வெடித்த குழாயை மட்டுமல்ல, அதன் வயதுள்ள மற்றக் குழாய்களையும், மேஸ்திரியின் பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்தே மாற்றினார். ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று போனால் மற்றவையும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

மாட்டி முடித்ததும் பாட்டரியை இணைத்தார். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். பம்பு இரண்டு மூன்று விநாடி முனகிக் குழாயில் அழுத்தம் ஏற்றியது. காய்ந்த காகிதத்தால் இணைப்பைச் சுற்றி ஒற்றிப் பார்த்தார். ஈரமில்லை. மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் எஞ்சின் ஓடியது. பத்து நிமிஷம் ஓட விட்டு ஒரு தடவை, சூடேறி நின்ற பிறகு இன்னொரு தடவை, காகிதத்தால் ஒற்றினார்.

"இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறமும் இவ்வளவு பயமா?" என்று கேட்டேன்.

"அனுபவம்தான் ஸார் பயம்" என்றார்.

குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். முதல் நாள் நான் எழுதிய மொய் 1,001 ரூபாய். 'செலவுக்கு அஞ்சித்தான் ஸார் ஒட்டுப் போடுகிறோம்' என்கிற அன்பர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டி வயிறு பிழைக்கிறவர் செலவைப் பற்றிச் சொன்னால் அதில் எனக்கு வாதமில்லை; அவருடைய ஒரு நாள் வருமானம் அது. அவருக்கு முதலாளி கொடுக்க வேண்டும். ஆனால் செலவைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் யாரும் வாடகை வண்டிக்காரர்கள் அல்லர். வாரம் ஒரு தடவை ஓட்டலுக்குப் போகிறவர்கள்!

இன்னொரு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பழியையும் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள். 2025இல் நாடு முழுவதும் 20 சதவிகித எத்தனால் கலப்பு வந்துவிட்டது உண்மை. 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளை அதைத் தாங்கும் பொருள்களால் செய்கிறார்கள். பழைய ரப்பரை எத்தனால் இளக்கிக் கெடுக்கக் கூடும் என்பதும் உண்மை. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அந்தக் கொள்கையோடு சண்டை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் குழாயை மாற்றிவிட்டுச் சண்டை போடுங்கள். காரணம் எத்தனாலா, எலி கடித்ததா, வயதா என்று விவாதம் முடியும் வரை ஆவி காத்திருக்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1956ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளம் அரித்த பாதையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. அவர் அந்த ரயிலை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை, ஆற்றில் வெள்ளத்தை விடவில்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று பதவியை விட்டு விலகினார். அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுவதும் அறிந்தது இப்படித்தான்.

அதே அரியலூரில் குடியிருந்துகொண்டு, என் சொந்தக் காரில், என் சொந்த மூக்குக்குத் தெரிந்த கசிவுக்கு நான் ஒரு வாரம் பொறுப்பேற்கவில்லை! ஏற்க வேண்டிய பொறுப்பை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் எங்கே கொண்டு போய் விட்டேன்? கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பையனிடம். என் ஒரு வாரச் சோம்பல் பீச்சி அடித்தது அவன் கண்ணில். 'ஒன்றும் ஆகாது' என்று சொல்கிறவன் ஒருபோதும் விளக்குப் பிடிப்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

ஆகவே சொல்கிறேன். பெட்ரோல் நாற்றம் வந்தால், அதுவும் குழந்தை சொன்னால், வண்டியை ஓரங்கட்டுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள்; காற்றுப் புகுந்தால் தீ உங்கள் முகத்துக்குத்தான் வரும். 101க்குப் பேசுங்கள். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்றால் ஆகட்டும். தாலி கட்டுவதற்கு நீங்கள் அவசியமில்லை.

அந்தப் பையனிடம் வயது கேட்டேன். "பதினாலு முடிஞ்சுதுண்ணே" என்றான். யாரோ சொல்லிக் கொடுத்த பாடம்போல் அவ்வளவு வேகமாக வந்தது பதில். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இத்தகைய வேலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது என்று 2016இல் அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்காக 1098 என்று ஒரு டெலிபோன் எண்ணும் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் பேசவில்லை. மேஸ்திரியின் பிழைப்பு கெடுமே, பையன் வீட்டில் என்ன கஷ்டமோ, நமக்கெதற்கு, ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த அன்றுதான் 1098க்குப் பேசினேன். மூன்று வாரம் தாமதம்.